ஆட்டாமல் தூக்கச் சொன்னவள்

எனக்கு எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். எழுத ஆரம்பித்தால் வரி மேலே ஏறும், இல்லாவிட்டால் கீழே சரியும். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இவளைப் பற்றி யாரிடமாவது சொல்லலாம் என்றால் எனக்கு நாலு பேர் எதிரில் வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

பெயர் எழுதப் போவதில்லை. வாயால் "மேடம்" என்றுதான் கூப்பிட்டேன். மனசுக்குள் "அவள்" என்றுதான் வரும். என் மகள் வயது.

பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கி ரோட்டைத் தாண்டினால் ஒரு பிரைட் ரைஸ் கடை. அதற்கு மேல் மாடியில் ஜிம். அங்கே நான் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தேன். வருகிறவர்கள் எல்லாம் ஹாஸ்டல் பிள்ளைகள், காலேஜ் படிக்கிறவர்கள். பாதிப் பேர் சட்டை போட மாட்டார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். தலையைக் குனிந்துகொண்டே மாப் போடுவேன். அதனால் அங்கே வந்தவர்களின் முகம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. காலைத்தான் தெரியும். இன்ன ஷூ வந்திருக்கிறது, இன்ன ஷூ வரவில்லை என்று சொல்லிவிடுவேன்.

அவளையும் முதலில் காலாகத்தான் பார்த்தேன். அவள் அங்கே கோச்சாக வந்து சேர்ந்த நாள். ஷூ இல்லை. வெறும் கால். அகலமான பாதம், விரலெல்லாம் தரையைக் கவ்விக்கொண்டிருந்தது. நான் மாப்பை அந்தக் காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். எல்லாரும் காலைத் தூக்கி வழிவிடுவார்கள். இந்தக் கால் நகரவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கையில் கம்பி, இரண்டு பக்கமும் இரும்புத் தட்டு. கம்பி மெதுவாகத் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிற பிள்ளையைப் பாயில் விடுவது போல விட்டாள். சத்தமே இல்லை. மற்றவர்கள் போட்டால் கீழே பிரைட் ரைஸ் கடைக்காரர் வந்து சண்டை போடுவார்.

"ஸாரி ஆயா. நடுவுல நவுர முடியல" என்றாள். அந்த ஜிம்மில் என்னிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவளுக்கு ஒரே ஒரு விஷயம் ஆகாது. எடையை ஆட்டித் தூக்குவது. உடம்பை முன்னேயும் பின்னேயும் வீசி, அந்த வீச்சில் எடையை மேலே ஏற்றிவிடுவது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். அப்படிச் செய்தால் பெரிய டம்பெல்லைக்கூடத் தூக்கிவிடலாம், போனில் வீடியோ எடுக்கலாம். இவள் எங்கே இருந்தாலும் வந்துவிடுவாள். முழங்கையில் இரண்டு விரலை வைப்பாள்.

"ஆட்டாத."

"மேடம், பன்னெண்டு ஆச்சு மேடம்."

"நான் எண்ணுனது மூணு."

"மீதி ஒம்பது?"

"அத நீ தூக்கல. ஒன் இடுப்பு தூக்கி எறிஞ்சிது, கை போய் புடிச்சிகிச்சு. இடுப்புக்கு வேணா சர்டிபிகேட் குடுக்கலாம்."

சுற்றி நிற்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். கேட்காதவனை ஹால் நடுவில் இருக்கிற தூணுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். முதுகைத் தூணோடு ஒட்டி நிற்கச் சொல்வாள். "இப்ப தூக்கு." முதுகு ஒட்டியிருந்தால் ஆட்ட முடியாதாம். பாதி எடைகூட ஏறாது. அந்தத் தூணில் பிள்ளைகளின் முதுகு வேர்வை பட்டுப் பட்டு ஒரு கருப்பு அடையாளம் விழுந்துவிட்டது. தினமும் நான்தான் சோப்புப் போட்டுத் தேய்ப்பேன். போகாது.

கொஞ்ச நாளில் எனக்கே தெரிய ஆரம்பித்துவிட்டது. தூக்குகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டாம், கையைப் பார்க்க வேண்டாம். குதிகால் தரையை விட்டு எழும்பினால் ஆட்டுகிறான் என்று அர்த்தம். ஒரு நாள் அவளிடம் இதைச் சொன்னேன். சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "அய்ய ஆயா, நீ கோச்சுக்கே வந்திருக்கலாம்" என்று சொல்லி, அன்றைக்குப் பூராவும் தூரத்தில் நின்றபடியே என்னைப் பார்த்து ஜாடை கேட்டாள். எந்தக் குதிகால் எழும்புகிறது என்று நான் மாப் கட்டையால் காட்டினேன். இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

என்னையும் விடவில்லை. நான் தண்ணீர் பக்கெட்டைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "ஒனக்கும் பக்கெட்டுக்கும் இன்னா சண்ட? ஏன் அவ்ளோ தூரம் வச்சிகினு தூக்கற? கிட்ட இட்டா. ரெண்டு காலுக்கும் நடுவுல வை. குந்து. இப்ப எழுந்திரு." எழுந்தேன். இத்தனை வருஷமாகத் தூக்கின பக்கெட்தான். அன்றைக்கு இடுப்பு வலிக்கவில்லை.

வெளி ஆள்களையும் விட மாட்டாள். தண்ணீர் கேன் போடுகிற ஆள் ஒருவர் வருவார். படிக்கட்டில் கேனை ஒரு சுழற்றுச் சுழற்றித் தோளில் போடுவார். அவரை வழிமறித்துவிட்டாள்.

"அண்ணாத்த, அப்டி வீசாத. ஒரு நாளு இல்ல ஒரு நாளு முதுகு புடிச்சிக்கும்."

"மேடம், நீங்க சொல்ற மாதிரி குந்தி எழுந்து தூக்குனா, இன்னிக்கி கேனு நாளிக்குத்தான் வரும். அதுவரைக்கும் பசங்க இன்னா குடிப்பாங்க, ஒங்க அட்வைஸையா?"

அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள். "அவரு சொல்றதும் கரெக்ட்டுதான் ஆயா. ஆனா என்னால பாக்க முடியல. எவனாவது ஆட்டுனா, எனக்கு இங்க சுருக்குங்குது." நடு முதுகைத் தொட்டுக் காட்டினாள்.

அவள் செங்கல்பட்டுக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பெண். நிலபுலம் உள்ள குடும்பம். காலேஜில் படிக்கும்போது எடை தூக்கும் போட்டிக்கெல்லாம் போயிருக்கிறாள். படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலே கம்பியைத் தூக்குகிற ஒரு போட்டி. கம்பி நெஞ்சில் வந்து ஒரு நொடி நிற்க வேண்டுமாம். இவளோடு தூக்கின பெண் கம்பியை நெஞ்சில் மோதித் துள்ளவிட்டுத் தூக்கினாளாம். நடுவர்கள் கவனிக்கவில்லை. மெடல் அந்தப் பெண்ணுக்குப் போய்விட்டது. "கோவம் வரலியா?" என்று கேட்டேன். "அவ மேல எதுக்கு? மெடல அவ நெஞ்செலும்புக்குத்தான் மாட்டி வுடணும்" என்றாள். அந்தப் போட்டியில் கட்டின தோல் பெல்ட்டை மட்டும் பத்திரமாக வைத்திருந்தாள். அந்தப் பெல்ட்டைப் பற்றிப் பிறகு வருகிறது.

கட்டிக்கொண்டது கோவளத்துக்காரரை. மீன்பிடிக்கிற குடும்பம், சர்ச்சுக்குப் போகிறவர்கள். இரண்டு வீட்டிலும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, பிறகு அவர் வீட்டில் மட்டும் கொஞ்சம் சரியானது என்று சொல்வாள். கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு இருந்தார்கள், மாடி வீடு. என் வீட்டிலிருந்து ஒரு தெரு தள்ளி. வேலை முடிந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ரயிலில் வருவோம். ஒரே ஒரு ஸ்டேஷன். அந்த ஒரு ஸ்டேஷனுக்குள் ஒரு நாள் சொன்னாள், வீட்டுக்காரருக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது என்று.

"யாரு பாத்துக்கிறது?"

"நான்தான். வேற யாரு."

"ஆம்பள ஆளாச்சே. எப்டி தூக்கறீங்க?"

"ஒழுங்கா தூக்கறேன் ஆயா" என்றாள்.

அதற்குப் பிறகு குளிப்பாட்டுகிற நாளில் நான் கூடப் போக ஆரம்பித்தேன். நாற்காலியை நகர்த்த, துண்டு எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் இல்லையா.

அவர் நல்ல ஆகிருதி. படுத்திருந்தால் கட்டில் தெரியாது. இடது கையும் இடது காலும் சும்மா கிடக்கும். வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "வா யம்மா, வா. மேடத்தோட வெயிட்ட பாக்க வந்தியா? ஜிம்முல எல்லாம் தட்டு மாட்டி ஏத்துவாங்க. இங்க மீன் கொழம்பு ஊத்தி ஊத்தி ஏத்திகினு கீது" என்பார்.

அவள் தூக்குகிற விதத்தைப் பல நாள் பார்த்திருக்கிறேன். முதலில் அந்தப் போட்டி பெல்ட்டை அவர் இடுப்பில் கட்டுவாள். மனுஷ உடம்பில் பிடித்துத் தூக்கப் பிடி இல்லை பாருங்கள், அதற்காக. நாற்காலியை அவருடைய நல்ல பக்கத்தில் போடச் சொல்வாள். அவர் காலை இரண்டு உள்ளங்காலும் தரையில் படுகிற மாதிரி வைப்பாள். தன் முழங்காலை அவருடைய விழுந்த முழங்காலுக்கு முட்டுக் கொடுப்பாள். அவர் தாடை அவள் தோளில். இரண்டு கையும் பெல்ட்டில். அந்த இடது கையை மட்டும் யாரும் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் கழன்றுவிடும் என்று எனக்கும் சொல்லி வைத்திருந்தாள். பிறகு குந்தி, மூச்சை இழுத்து, எழுந்திருப்பாள். இரண்டு பேரும் ஒரே உடம்பு மாதிரி மேலே வருவார்கள். திரும்புவாள். இறக்குவாள். தூக்கினதை விட இறக்குவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வாள்.

அவ்வளவு பேசுகிற மனுஷர் அந்த நேரத்தில் மட்டும் பேச மாட்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார். உட்கார்ந்த பிறகுதான் வாய் திறக்கும்.

"எனுக்கு நல்ல காலு ஒண்ணு கீது, நல்ல கை ஒண்ணு கீது. நான் ஒரு எத்து எத்தறேன், நீ சும்மா புடிச்சிக்க. ஒனக்கு பாதி வெயிட்டு கொறயும்."

"ஒண்ணும் வேணாம். நீ சும்மா இரு. நீ அசயாம இருந்தாத்தான் ஒன் வெயிட்டு எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்."

"சும்மாவே கெடன்னா எப்டி? மீன்புடி போட்ட கடலுக்குள்ள தள்ற ஊர்லேர்ந்து வந்தவன் நான். போட்ட தள்றதுக்கு பலம் வேணாம் யம்மா" என்று என் பக்கம் திரும்புவார், "அல வேணும். அல வர்ற வரிக்கும் எல்லாரும் சும்மா நிப்போம். வந்துதா, ஒருத்தன் கொரலு குடுப்பான், எல்லாரும் ஒரே மூச்சுல ஒரு எத்து. போட்டு போயிடும். அல இல்லாம ஊரே சேந்து தள்ளு, நவுராது."

"அப்ப தள்ளுனது அல. நீ இல்ல" என்பாள் அவள், துண்டை உதறிக்கொண்டே.

"யாரு தள்ளுனா இன்னா? போட்டு தண்ணில எறங்குச்சா இல்லியா?"

இந்தச் சண்டையை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டேதான் போடுவார்கள். ஆனால் அவர் சிரிப்பு முடிகிற இடத்தில் முகம் ஒரு மாதிரி ஆகும். ஊரையே தோளில் சுமந்த மாதிரி இருந்த ஆள். பெண்டாட்டி தூக்கி வைக்கிற இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறதே என்று இருக்கும்.

அவளுக்கும் ஒரு பயம் இருந்தது. ரயிலில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆயா, அவரு வுழுந்துட்டாரு, நான் தூக்கறேன். நான் வுழுந்தா? என் முதுகுதான் அவருக்குக் கட்டிலு, வண்டி, காலு எல்லாம். இது போச்சுன்னா ரெண்டு பேரும் போச்சு." அதனால்தான் ஜிம்மில் அவ்வளவு கண்டிப்போ என்னவோ. ஸ்டேஷன் வந்துவிட்டது, இறங்கிவிட்டோம்.

அந்த மாசம் அவளுக்கு ஜிம்மிலும் நிம்மதி இல்லை. ஓனர் தம்பி கூப்பிட்டுச் சொன்னார். "மேடம், பசங்க வெயிட்ட ஏத்தத்தான் டப்பு கட்றாங்க. நீங்க வர்றவனையெல்லாம் எறக்கி எறக்கி வுடறீங்க. தூண்ல நிக்க வச்சா ஸ்கூல்னு நெனச்சுகினு ஓடிப்போறான்." அவள் தலையை ஆட்டினாள். திரும்பி வந்தாள். ஒரு பையன் ஆட்டிக்கொண்டிருந்தான். பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்து நின்றாள். கொஞ்ச நேரம்தான். பிறகு போய் முழங்கையில் இரண்டு விரலை வைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜிம்முக்கு லீவு. குளிப்பாட்ட நானும் போயிருந்தேன். அன்றைக்குக் காலையில் அவள் கீழே கிடந்த சோப்பை எடுக்கக் குனிந்தபோது "ஸ்" என்றாள். சின்னச் சத்தம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நான் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். குளிக்கிற நேரம் பூராவும் ஒரு கிண்டல் இல்லை, ஒரு பேச்சு இல்லை.

குளித்து முடித்து, பாத்ரூம் நாற்காலியிலிருந்து வெளி நாற்காலிக்கு மாற்ற வேண்டும். பெல்ட் கட்டியாயிற்று. முழங்கால் முட்டுக் கொடுத்தாயிற்று. நான் வெளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வழக்கம் போலக் கீழே அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சை இழுத்தாள். எழுந்தாள்.

அந்த நேரத்தில் அவர் எத்திவிட்டார். நல்ல கையால் கதவு நிலையைப் பிடித்து, நல்ல காலால் தரையை உந்தி, போட்டைத் தள்ளுகிற மாதிரி ஒரே மூச்சில். அவளுக்கு உதவி செய்யத்தான். அவள் முதுகுக்குப் பாதி எடையாவது குறையட்டும் என்றுதான். அவர் உடம்பு அவள் நினைத்ததை விட வேகமாக மேலே வந்து அவள் நெஞ்சில் மோதியது.

அவளுடைய குதிகால் தரையை விட்டு எழும்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஈரத்தில் பின்பக்கமாகச் சறுக்கியது. கையை விட்டிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். அவர் தலை நிலைப்படியில் அடித்திருக்கும். விடவில்லை. ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு, பெல்ட்டை விடாமல், அவரைக் கீழே இறக்கினாள். அந்த நேரத்திலும் மெதுவாகத்தான் இறக்கினாள். அவர் தரைக்கு வந்தது பஞ்சுமூட்டை வந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் பக்கத்திலேயே கோணலாகப் படுத்துவிட்டாள்.

"இன்னா ஆச்சு? இன்னா ஆச்சும்மா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தலையைத் திருப்பி அவளைப் பார்க்கக்கூட அவரால் முடியவில்லை.

"ஒண்ணுமில்ல. நீ ஆடாத" என்றாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றேன். அவரை என்னால் தூக்க முடியாது. அவளையும் முடியாது. கீழ் வீட்டுக்காரர்களைக் கூப்பிட பால்கனிக்குப் போனேன். என் வாழ்க்கையில் நான் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சமையல்கட்டிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து பால்கனிக் கம்பியில் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு பேர் ஓடிவந்தார்கள். கீழ் வீட்டுப் பையனும், பக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறவரும். நல்ல மனுஷர்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சாப்பிட்ட கையோடு வந்தார்கள்.

"நவுரு பெரிம்மா, நவுரு. மொதல்ல அண்ணன தூக்கு. நீ அந்த கைய புடி, நான் இந்த கைய புடிக்கிறேன்."

"அண்ணா, அந்தக் கைய புடிக்காதீங்க" என்றாள் அவள் தரையிலிருந்து. "பெல்ட்டு கீது பாருங்க. பெல்ட்ட புடிங்க. மெதுவா."

"நீ சும்மா இரும்மா, நாங்க பாத்துக்கறோம். மச்சான், ரெடியா? ஒண்ணு… ரெண்டு…"

"ஆட்டாதீங்கண்ணா. ஆட்டாதீங்க."

நானும் சொன்னேன். சொன்னதாகத்தான் நினைக்கிறேன். யாருக்கும் கேட்கவில்லை. அந்த ஆட்டோக்காரர் தோளைத் தொட்டேன். அவர் அவசரத்தில் என்னை ஒதுக்கிவிட்டார். மூன்று சொல்லி ஒரு வீசு வீசி, கீழே கிடந்தவரைப் பக்கத்துக் கட்டிலில் ஏற்றிவிட்டார்கள். அந்த இடது தோளில் ஏதோ சத்தம் கேட்டது. செத்துப்போன கை என்று எல்லாரும் நினைத்திருந்த கை. அவர் அலறினார். அவள் தரையில் கண்ணை மூடிக்கொண்டாள். அலறல் நிற்கிற வரைக்கும் திறக்கவில்லை.

பிறகு அவளிடம் வந்து, "மேடம், ஒங்கள எப்டி தூக்கறது?" என்று கேட்டார்கள்.

"என்ன யாரும் தொடாதீங்க. ஆம்புலன்ஸ கூப்புடுங்க" என்றாள்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் பலகை கொண்டுவந்தார்கள். குந்தி, அவளைக் கிட்டே இழுத்து, ஒன்றாக எழுந்தார்கள். கொஞ்சம்கூடக் குலுங்கவில்லை. வலியில் அவள் உதடு வெளுத்திருந்தது. என்னைத் தாண்டும்போது சொன்னாள். "பாத்தியா ஆயா? கிட்ட இட்டாந்து தூக்குனாங்க."

முதுகுத் தண்டில் நடுவில் இருக்கிற சவ்வு பிதுங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. வீட்டுக்காரர் தோளுக்குக் கட்டுப் போட்டார்கள். "நான்தான் எத்துனேன், நான்தான் எத்துனேன்" என்று அவர் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அண்ணன் தம்பிகள் கோவளத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். "இங்க யாரு தூக்கறது? வாங்க ரெண்டு பேரும் நம்ம வூட்டுக்கு" என்றார்கள். இரண்டு பேரும் அந்த வேனிலேயே போய்விட்டார்கள்.

ஜிம்முக்கு வேறு கோச் வந்தார். சின்ன வயசு. பாட்டைச் சத்தமாக வைப்பார். தூணுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்துக் கண்ணாடி மாட்டினார்கள். தரையைத் துடைக்கும்போது பார்த்தால் எல்லாக் குதிகாலும் எழும்பி எழும்பி இறங்கும். நான் யாருக்கு மாப் கட்டையால் ஜாடை காட்டுவது?

ஒரே ஒரு தடவை கோவளம் போய்ப் பார்த்தேன். கேளம்பாக்கத்தில் பஸ் மாறிப் போக வேண்டும். கடற்கரையிலேயே வீடு. சாயங்காலம். அவள் மணலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் டாக்டர் கொடுத்த பெல்ட். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

அந்தப் பக்கம் அவரை இன்னொரு நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தினமும் சாயங்காலம் வலை பார்க்கிற இடத்துக்குக் கொண்டுபோவார்களாம். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தது. அவர்தான் குரல் கொடுத்தார். "அல வருது, அல வருது, ஏத்துங்கடா!" ஒரே வீச்சில் நாற்காலி மேலே போனது. மணலில் தடுமாறி, ஆடி, ஒரு பக்கம் சரிந்து, ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். "டேய், தண்ணில போட்டுராதீங்கடா, நான் மீனு இல்ல" என்று அவர் கத்தினார். கரை பூராவும் சிரிப்பு.

அவளுடைய இரண்டு பாதமும் மணலுக்குள் புதைந்திருந்தன. விரல்கள் கவ்விக்கொண்டிருந்தன.

"நாலு பேரும் தப்பா தூக்கறாங்க ஆயா."

"ஆமா மேடம்."

"அந்த மஞ்சா சட்ட, அவரு தம்பி. நடு முதுகுலேர்ந்து இழுக்கறான். கொஞ்ச வருசத்துல அவனும் படுத்துருவான்."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். சிரிக்கறாங்க." தாடையைத் தூக்கி அந்தப் பக்கம் காட்டினாள். "அவரும் சிரிக்கறாரு, பாத்தியா? நான் தூக்குனப்பல்லாம் ஒரு நாளு சிரிச்சதில்ல. கண்ண மூடிகினு மூச்ச புடிச்சிகினு இருப்பாரு. எனக்கு எங்கனா வலிச்சிருமோன்னு."

வலைக்குப் பக்கத்தில் நாற்காலியைத் தொப்பென்று போட்டார்கள். அப்போது அவள் மடிக்கு மேலே எழும்பியிருந்த கையைப் பார்த்தேன். இரண்டு கையும் பெல்ட்டைப் பிடித்த மாதிரி மூடியிருந்தன. நாற்காலி தரையைத் தொட்டு, அவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பேச ஆரம்பித்த பிறகும், அந்தக் கைகள் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தன.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. முழங்கால் பஸ் ஏற விடவில்லை. அவளிடமிருந்தும் போன் வரவில்லை.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நடக்க முடியாதவரை அவள் தூக்கின விதத்தை மேலே எழுதியிருக்கிறேன். பெல்ட்டைக் கட்டுவது, நல்ல பக்கத்தில் நாற்காலி போடுவது, முழங்காலுக்கு முட்டு, அந்தக் கையைத் தொடாமல் இருப்பது எல்லாம். நான் குனிந்தே பார்த்தவள். கால் வைக்கிற இடம் சரியாக எழுதியிருப்பேன். கை வைக்கிற இடத்தில், மூச்சு இழுக்கிற நேரத்தில் தப்பு இருக்கலாம். அவளிடம் கேட்டுச் சரிபார்க்க எனக்கு வழியில்லை. விஷயம் தெரிந்த யாராவது ஒரு தடவை பார்த்துத் திருத்த வேண்டும். எந்த வீட்டிலாவது யாராவது இதைப் படித்துவிட்டுத் தங்கள் ஆளைத் தூக்குவார்கள்.